கண்ணாடிக் கடை டொக்டர்

அப்பா எனக்கு வைத்த பெயர் செல்லச்சாமி. கண்டி டவுன் வைத்த பெயர் டொக்டர். எது பிடிக்கும் என்று கேட்டால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டாவதுதான். இருபத்தாறு வருடமாக மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். சுவரில் எழுத்து அட்டை. ஆளைக் கதிரையில் உட்கார வைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பேன். பிறகு ஃப்ரேம் காட்டுவேன். அவ்வளவுதான் என் வித்தை. அதுவும் கொழும்பில் ஒரு கடையில் நின்றபோது முதலாளியின் கையைப் பார்த்துப் படித்தது.

கண்ணுக்கு எத்தனை வகை ஆட்கள் இருக்கிறார்கள் என்று எங்கள் சனங்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே வகைதான், கண் டொக்டர் என்பார்கள். கண்ணை அறுத்து வைத்தியம் செய்கிற நிபுணரும் கண் டொக்டர், பட்டம் எடுத்து மெஷினில் கண்ணை அளப்பவரும் கண் டொக்டர், கண்ணாடிக் கால் கழன்றால் ஆணி போட்டுக் கொடுக்கிற நானும் கண் டொக்டர். தொடக்கத்தில் நான் திருத்தாமல் இல்லை. "நான் டொக்டர் இல்லீங்க" என்று சொன்னால், என்ன அடக்கமான மனுஷன் என்று இன்னும் கொஞ்சம் பணிவாகப் பேசினார்கள். கொஞ்ச நாளில் திருத்துவதை விட்டேன். அதற்குப் பிறகு ஒரு வெள்ளைக் கோட் தைத்துக்கொண்டேன். தூசிக்கு என்று மனைவியிடம் சொன்னேன். கண்ணாடிக் கடையில் ஏது அவ்வளவு தூசி?

இந்தக் கூத்தெல்லாம் மஸீனாவின் கண்ணில் வந்து விடிந்தது. அதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

மஸீனா அக்குறணையில் வீட்டிலிருந்தபடியே பெண்களுக்கு உடுப்புத் தைப்பவர். கல்யாண உடுப்புக்கு மணி கோப்பதிலும் கல் பதிப்பதிலும் மாத்தளை வரைக்கும் அவருக்குப் பெயர். கணவர் நளீருக்கு வீட்டின் கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை. நுஹா என்று ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறாள். நாலு வருடத்துக்கு முந்தி, மஸீனாவுக்கு நாற்பது வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலையில் இருவரும் என் கடைக்கு வந்தார்கள். கடையில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். நளீர் ஓர் உறையை மேசையில் வைத்தார்.

"டொக்டர், இவளுக்கு ஒரே தலயிடி. எங்கட ஊர் டொக்டர் பாத்திட்டு கண் டொக்டருக்கு கடிதம் தந்தீக்கிறார். வேற எங்கயும் போகத் தேவல்ல, நம்மட டொக்டர் ஈக்கிறாரேன்டு நேரா இங்க வந்தோம்."

உறையின் மேல் ஆங்கிலத்தில் கண் சத்திரசிகிச்சை நிபுணருக்கு என்று எழுதியிருந்தது. அதை வாசிக்கிற அளவுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும். இது எனக்கில்ல, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. ஐந்து சொல். அந்த ஐந்து சொல் வாயில் வந்து நின்றது. ஆறேழு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஊர் டொக்டர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார் என்று அவர்கள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. நான் உறையைக் கிழித்தேன்.

உள்ளே நாலு வரி. இந்தப் பெண்ணின் தந்தை கண் அழுத்தத்தால் முழுதாகப் பார்வை இழந்தவர், பரம்பரையாக வரக்கூடியது, இவருடைய கண் அழுத்தத்தையும் நரம்பையும் தயவுசெய்து பரிசோதிக்கவும் என்று இருந்தது. அழுத்தம் பார்க்கிற மெஷின் என் கடையில் கிடையாது. நரம்பைப் பார்க்க எனக்குத் தெரியாது. ஆனாலும் கடிதத்தை மடித்து, நெற்றியைச் சுருக்கி, "கண்ண மூடுங்க" என்றேன். எப்போதோ ஒரு கிழட்டு டொக்டர் செய்ததைக் கண்ட ஞாபகம். இரண்டு விரலை அவருடைய இமையின் மேல் வைத்து மெதுவாக அமத்திப் பார்த்தேன். ஒரு மாம்பழத்தை அமத்திப் பார்ப்பதற்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

"அழுத்தம் ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு" என்றேன். எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னேன். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தார். "ஊசி வேலை செய்றதால வர்ற தலவலி. கிட்டப் பாக்க ஒரு கண்ணாடி போட்டாச் சரியாயிரும்."

நளீருக்கு உயிர் வந்தது. "வாப்பா மாதிரி ஆகிருவேனோன்டு ராவெல்லாம் அழுதாள் டொக்டர்" என்றார். மஸீனா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தார். கடிதத்தை நான் மேசை லாச்சியில் போட்டேன். ஒரு கண்ணாடியை விற்பதற்காக இதைச் செய்தேன் என்று யாரும் நினைத்தால் அது என்னைக் காப்பாற்றுவதாகும். காசு ஆசை என்றால் மனுஷனுக்கு உள்ளதுதானே என்று விட்டுவிடலாம். நான் செய்தது ஆறேழு பேருக்கு முன்னால் டொக்டராக இருப்பதற்கு.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை வந்தார். ஒவ்வொரு முறையும் கடைசி வரியை வாசித்தார். ஒவ்வொரு முறையும் நான் "நல்லம்" என்றேன். மூன்றாவது முறை வந்தபோது மட்டும் ஒன்று சொன்னார்.

"ஊசீல நூல் கோத்திருவேன் டொக்டர், அதுக்கு ஒரு கரச்சலும் இல்ல. ஆனா பக்கத்துல வெச்ச கத்தரிக்கோல் காணாமப் பெய்த்திரும். நுஹாவ ஏசுவேன், நீ தான் எடுத்தேன்டு. பாத்தா கைக்குப் பக்கத்துலயே ஈக்கும்."

"வேல கூட. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றேன்.

இந்த நோய் பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வரும், நடுவைக் கடைசி வரைக்கும் விட்டு வைக்கும், அதனால் எழுத்து அட்டைக்கு அது பிடிபடாது. இதை எனக்குச் சொல்லித் தந்தது நிஷாந்தினி. அதுவும் காலம் கடந்து.

நிஷாந்தினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒப்டோமெட்ரி படித்தவள். பேராதனையில் கணவனோடு குடியிருந்தாள். ஊரில் புதிதாக வந்த பெரிய கண்ணாடிக் கடைகளோடு போட்டி போட வேண்டுமென்று, சனிக்கிழமைகளில் வந்து கண் பார்க்கச் சொல்லி நான்தான் கேட்டேன். கையில் பிடிக்கிற அளவில் அழுத்தம் பார்க்கிற மெஷின் ஒன்றும் வாங்கிப் போட்டேன். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, அதாவது எனக்குக் கெட்டதாகப் பட்ட பழக்கம். யார் வந்து டொக்டர் என்றாலும் விட மாட்டாள்.

"நான் டொக்டர் இல்லை அம்மா. ஒப்டோமெட்ரிஸ்ட். கண்ணை அளந்து பாக்கிறனான். வருத்தம் இருந்தால் நிபுணரிட்டை அனுப்பிவிடுவன்."

ஒரு நாளைக்கு முப்பது தடவை. எனக்கு எரிச்சலாக இருக்கும். "சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டுமே பிள்ள, என்ன குறைஞ்சிரும்?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "இல்லை அண்ணை, அது பிழை" என்றாள். படித்த திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை நளீர் மஸீனாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்குறணைச் சந்தியில் ரோட்டைக் கடக்கும்போது வந்த த்ரீவீலை மஸீனா காணவேயில்லையாம். டிரைவர் பிரேக் அடித்ததால் தப்பினார். கடை வாசலில் வைத்திருந்த கண்ணாடி ஸ்டாண்டில் தோள் இடித்து, நாலைந்து ஃப்ரேம் கீழே விழுந்தது. "மன்னிச்சிக்கோங்க டொக்டர், அத நான் காணல்ல" என்று குனிந்து தேடினார். கைக்கு நேரே கிடந்ததை எடுத்தார். பக்கத்தில் கிடந்ததை விட்டுவிட்டார்.

நிஷாந்தினி எழும்பி வந்து அவரை உட்கார வைத்தாள். மெஷினை ஒரு கண்ணுக்கு வைத்தாள், மறு கண்ணுக்கு வைத்தாள். நம்பாமல் இன்னும் ஒருமுறை வைத்தாள். இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டிய இலக்கம் ஒரு கண்ணில் நாற்பத்திரண்டு, மற்றதில் முப்பத்தாறு. அவள் முகம் வெளிறிவிட்டது. ஆனால் குரலை மாற்றாமல் கேட்டாள்.

"வீட்டிலை ஆருக்கும் கண் தெரியாமல் போனதோ அக்கா?"

"வாப்பாவுக்கு."

"அப்ப, இதுக்கு முதல் ஒருத்தரும் உங்களைக் கண் கிளினிக்குக்கு அனுப்பேல்லையோ?"

"அனுப்பினாங்களே" என்றார் மஸீனா. "ஊர் டொக்டர் கடிதம் தந்தாரு. நாங்க டொக்டர்ட்ட தந்தோம். டொக்டர் பாத்து நல்லம்ன்டு சென்னாரு." என்று சொல்லி நான் நின்ற பக்கம் பார்த்துச் சிரித்தார்.

நிஷாந்தினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து மடித்தேன், விரித்தேன். அவள் அன்றைக்கே ஒரு கடிதம் எழுதி, திங்கட்கிழமை விடியவே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. நான் ஏன் என்று கேட்டு ஃபோன் எடுக்கவும் இல்லை.

திங்கட்கிழமை நளீர் என்னையும் கூப்பிட்டார். "நீங்களும் வாங்க டொக்டர், அங்க ஈக்கிற டொக்டர்மாரோட உங்களுக்குப் பேசத் தெரியும்." மறுக்க எனக்கு வாய் வரவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

அங்கே கண்ணுக்கு எத்தனை வகை ஆட்கள் என்பதை முதன்முதல் வரிசையாகப் பார்த்தேன். சொட்டு மருந்து விட ஒரு தாதி. எழுத்து வாசிக்க வைக்க ஒருவர். அழுத்தம் அளக்க இன்னொருவர். வெளிச்சப் புள்ளி மெஷினுக்கு ஒரு பிள்ளை. ஒருவரும் மற்றவருடைய வேலையில் கை வைக்கவில்லை. என்னுடைய வேலை அந்த வரிசையில் எங்கே வருகிறது என்று தேடினேன். எல்லாம் முடிந்த பிறகு, வீட்டுக்குப் போகிற வழியில், ஒரு கடையில்.

அந்த வெளிச்சப் புள்ளி மெஷினுக்குள் நெற்றியை வைத்து ஒரு கண்ணால் நேரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சம் வந்து வந்து போகும். தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்த வேண்டும். மஸீனா பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் காத்திருந்தார். மெஷின் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. வெகு நேரத்துக்குப் பிறகு, "இன்னமும் தொடங்கல்லயா மகள்?" என்று கேட்டார். அப்போது வலது கண்ணுக்கான பரிசோதனை முடிகிற நேரம். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

நிபுணர் நடுத்தர வயதுச் சிங்களப் பெண். நளீர் மருந்து வரிசையில் இடம் பிடிக்கப் போயிருந்தார். மஸீனாவும் நானும்தான் உள்ளே. மஸீனாவின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு மெஷின் கொடுத்த தாளை என் முன்னால் வைத்தார். வலது கண்ணுக்குரிய வட்டம் முழுக்கக் கறுப்பு. இடது கண்ணுக்கு நடுவில் ஒரு சாவித்துவாரம் அளவுக்கு வெள்ளை. என்னை ஆங்கிலத்தில் கேட்டார், நீங்களும் டொக்டரா என்று.

"இல்ல மேடம், கண்ணாடிக் கடை" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அது மஸீனாவுக்கு விளங்காது என்பது தெரிந்துதான் சொன்னேன்.

அவர் தொடர்ந்து ஆங்கிலத்திலேயே பேசினார். போன பார்வை திரும்பாது, நரம்பு செத்துவிட்டது. மிஞ்சியிருப்பதைக் காப்பாற்ற ஒப்பரேஷன் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது. மூன்று வருடத்துக்கு முந்தி ஒருவர் அனுப்பியிருந்தால் தினமும் ஒரு சொட்டு மருந்தே போதுமாக இருந்திருக்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தினமும் இதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல்.

"என்ன செல்றாங்க டொக்டர்?" என்று மஸீனா என் சட்டைக் கையைத் தொட்டுக் கேட்டார்.

"இனிமே கவனமா இருக்கச் சொல்றாங்க" என்றேன்.

பிறகு நிபுணரே அவருக்குச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். மூன்று வருடக் கதையை மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பார்.

ஒப்பரேஷன் செய்தார்கள். ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு அந்தச் சாவித்துவாரமும் அடைபட்டது. தைக்கிற மெஷினை விற்கவில்லை, மூடி வைத்திருக்கிறோம் என்று நளீர் ஃபோனில் சொன்னார். வாரத்துக்கு ஒருமுறை அவரே ஃபோன் எடுப்பார். ஒவ்வொரு முறையும், "நீங்க மட்டும் அண்டைக்கு கூட வந்திராட்டி நாங்க என்ன செய்வோம் டொக்டர்" என்பார். அவர் நன்றி சொல்லச் சொல்ல எனக்குச் சோறு இறங்கவில்லை. லாச்சியைத் திறந்தால் அந்த உறை. கிழிக்கலாம் என்று எடுப்பேன், கிழிக்க முடியாமல் வைப்பேன். மனைவிக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. ஆறு மாதம் இப்படிப் போனது. போன வெள்ளிக்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, கடையைப் பகலிலேயே பூட்டிவிட்டு அக்குறணைக்கு பஸ் ஏறினேன்.

நளீர் என்னைக் கண்டதும் கடையை விட்டு எழும்பி வந்து, மேல்மாடிக்குக் கூட்டிப் போனார். முன் அறையில் மஸீனா ஜன்னலுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருந்தார். கீழே வாடிக்கை ஆள் கூப்பிட்டதால் நளீர் கதவைத் திறந்தபடி வைத்துவிட்டு இறங்கினார். அடுத்த அறையில் நுஹா பாடம் படிக்கிற சத்தம் கேட்டது.

"டொக்டரா? இருங்க" என்றார் மஸீனா. அவர் முகத்தில் கலக்கமே இல்லை. நான் எதிர்பார்த்து வந்தது அழுகையை. "இப்ப பழகிட்டு டொக்டர். அடுப்படிக்கு பதினோரு எட்டு, பாத்ரூமுக்கு ஆறு எட்டு. வாப்பாவும் இப்படித்தான் எண்ணிட்டு நடப்பாரு. மொதல்ல மிச்சம் அழுதேன். பொறகு யோசிச்சேன், தந்தவன் எடுத்தீக்கிறான். அவன்ட நாட்டம். அத நெனச்சா மனசு அமந்திரும்."

நான் அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு, சுகம் விசாரித்துவிட்டு எழும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் ஆறு மாதமாக என் நெஞ்சில் கிடந்தது வெளியே வந்தால் போதும் என்று இருந்தது. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். உறையின் மேல் எழுதியிருந்தது யாருக்கு என்பது, விரலால் அமத்திய கதை, லாச்சி, நிபுணர் சொன்ன சொட்டு மருந்து, எதையும் பூசி மெழுகவில்லை.

அவர் முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார்.

"அப்ப நீங்க டொக்டர் இல்லயா?"

"இல்லம்மா."

"ஒருநாளும் இல்லயா?"

"ஒருநாளும் இல்ல."

"அந்தக் கடிதத்த உரிய ஆள் பாத்தீந்தா?"

"மருந்து தந்திருப்பாங்க. இருந்த பார்வை இருந்திருக்கும்."

அவர் விரல்கள் மடியில் ஒன்றோடு ஒன்று உரசின. நூல் இல்லாமலே கோக்கிற விரல்கள். "இத ஏன் இப்ப எனக்கு சென்னீங்க?"

"மனசு கேக்கல்லம்மா. தாங்க முடியல்ல."

"உங்கட மனசுக்காகவா?"

அவர் குரலை உயர்த்தவில்லை.

"ஆறு மாசமா ஒவ்வொரு தொழுகையிலயும் அல்லாஹ்தான் எடுத்தான்ன்டு சென்னேன். அவன் எடுத்தா நான் சபூர் செய்வேன், பொறுத்துக்குவேன், அது எனக்கு ஏலும். எடுத்தது ஒரு கண்ணாடிக் கடக்காரன்டா, நான் எப்படி சபூர் செய்ற? இருந்தது அது ஒண்டுதான். அதயும் எடுத்திட்டுப் போறீங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். அந்தச் சொல் என் வாயில் இருந்தது. அதைச் சொன்னால் அதற்கும் அவர் ஏதாவது தர வேண்டி வரும் என்று பட்டது. அவரிடம் இனித் தருவதற்கு ஒன்றும் இல்லை.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். படியில் செருப்புச் சத்தம். தொழுகைக்கு முன் கைகால் கழுவ அவரைக் கூட்டிப் போக, நளீர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"மஸீனா, வா, வுளூ செய்ய."

"நீங்க பெய்த்திட்டு வாங்க. நான் இண்டைக்கு தொழல்ல."

"ஏன்? சுகமில்லயா?"

மஸீனா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நளீர் கிட்டப் போய் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. என் பக்கம் திரும்பினார். அந்த மனுஷனுடைய முகத்தில் என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

"இவள் ஒரு நேரத் தொழுகையும் விட்டதில்லயே. டொக்டர், இவளுக்கு என்னண்டு நீங்க கொஞ்சம் பாருங்களேன்."